கருநீலத்தில் வெள்ளைப் பொட்டு

போன மாதம் ஹட்டனில் தையல் வகுப்பு நடத்துகிற பெண் ஒருத்தி என்னைப் பேசக் கூப்பிட்டாள். பழைய தையல்காரர்களில் ஊரில் மிச்சம் இருப்பது நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போனேன். கரும்பலகையில் அன்றைய பாடத்தை எழுதி வைத்திருந்தாள். 'உங்களுக்கென்று ஒரு ஸ்டைல்.' அதற்குக் கீழே, 'அலமாரியில் கொஞ்ச உடுப்பு, நிறைய ஜோடி.' எதை எடுத்து எதோடு போட்டாலும் பொருந்த வேண்டும், பார்த்தவுடன் இன்னார் என்று தெரிய வேண்டும், அதுதான் பாடம் என்று விளக்கினாள்.

"ஐயா, உங்க காலத்துல இதெல்லாம் எப்படிங்க செஞ்சீங்க?" என்று பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை கேட்டது.

"எங்க காலத்துல அலமாரி இல்லம்மா" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டின லயத்து அறையில் குறுக்கே ஒரு கொடி கட்டியிருக்கும், மூலையில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். கொடியில் கிடப்பது வேலைக்கு, பெட்டியில் இருப்பது கோயிலுக்கும் கலியாணத்துக்கும். இதைச் சொல்லி மேலே போகலாம் என்று வாயைத் திறந்தபோது தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது, எனக்கு மாலை போட்டார்கள், கூட்டம் அதோடு முடிந்தது. சொல்ல வந்ததைச் சொல்லவிடவில்லையே என்ற எரிச்சலில் இதை எழுதுகிறேன்.

இலங்கை சுதந்திரம் வாங்கிய வருசம் நான் பொத்தானுக்குக் காஜா எடுக்கக் கற்றுக்கொண்டேன். முன்னதைப் பற்றி எங்கள் லயத்தில் கொஞ்சம் பேசிக்கொண்டார்கள், பின்னதைப் பற்றி யாரும் பேசவில்லை. பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். ஒரு காலில் கொஞ்சம் ஊனம். மலையேறும் வேலைக்கு இவன் ஆகமாட்டான் என்று அப்பா என்னை ஹட்டனுக்குக் கூட்டிவந்து காசிம் முதலாளியின் துணிக்கடையில் விட்டுவிட்டுப் போனார். முதலில் காஜா, பிறகு எம்மிங், அதற்குப் பிறகு மெஷின். அந்த வருசங்களைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. விரலில் ஊசி ஏறியதை எல்லாத் தையல்காரரும் சொல்லியிருப்பார்கள்.

முதலாளி கடலுக்கு அந்தப் பக்கம், இராமநாதபுரத்துக் கரையோரத்து ஆள். துணி விற்பவரும் அவர்தான், வெட்டுபவரும் அவர்தான். அவருடைய கத்தரிக்கோலை வேறு யாரும் தொடக்கூடாது. தொட்டால் திட்டமாட்டார், அன்று முழுக்க நம்மோடு பேசமாட்டார். திட்டினால் தேவலை என்று இருக்கும். ஆள் படியேறும்போதே காலைப் பார்ப்பார். அப்புறம் இரண்டு கேள்வி கேட்பார். "எந்தத் தோட்டம்? என்ன வேலை?" மூன்றாவது கேள்வி கிடையாது. என்ன வேண்டும் என்று அவர் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. "என்ன வேணும்னு கேட்டா, கடையில இல்லாததத்தான் கேப்பாங்க தம்பி" என்பார்.

பதில் வந்ததும் அவர் கை தானாகத் துணித் தட்டுக்குப் போகும். கங்காணி என்றால் கறுப்புக் கோட்டுத் துணி. வேட்டிக்கு மேல் போடுகிற கோட்டு அது. பொத்தான் வைப்போம், ஆனால் அவர்கள் பூட்டிக்கொள்ளமாட்டார்கள், வயிறு அதன் போக்கில் இருக்கும். கணக்கப்பிள்ளை என்றால் காக்கிக் கால்சட்டை, பேர்ப் புத்தகம் போகிற அளவுக்கு ஒரு பை. கால்சட்டை நீளத்துக்கும் விதி இருந்தது. கணக்கப்பிள்ளைக்கு முழங்காலை மூடவேண்டும். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் டீமேக்கருக்குப் பாதி முழங்கால் தெரியலாம். துரைக்கு முழுசாகத் தெரியும். உத்தியோகம் ஏற ஏறத் துணி குறையும் என்பதை நான் சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டேன். துரைமார் கொழும்பில் தைத்துக்கொள்வார்கள், ஆனால் கிழிந்தால் எங்களிடம்தான் வரும், அப்படித்தான் அந்த அளவு தெரியும்.

நிறத்தை முடிவுசெய்ய முதலாளி ஒரு வழி வைத்திருந்தார். ஹட்டனில் பாதி நாள் பனிமூட்டம். துணியை என் தோளில் போட்டு, "அங்கிட்டுப் போய் நில்லு தம்பி" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்புவார். தான் வாசலில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். "விடியக்காலம் வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுக் களத்துல மூஞ்சி தெரியாது. உடுப்புதான் தெரியும். நிக்கிறது யாருன்னு அது சொல்லணும்" என்பார். நடுவில் பஸ் வந்தால் பஸ் போகும்வரை நான் அப்படியே நிற்கவேண்டும். எல்லா விதத் துணியையும் தோளில் போட்டுக்கொண்டு ஹட்டன் ரோட்டில் நின்ற ஆண்பிள்ளை நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கலியாணச் சேலையும் அதில் அடக்கம்.

ஒருமுறை கொத்மலைப் பக்கத்திலிருந்து ஒரு வயதான கங்காணி வந்தார். சீமைக்குத் திரும்பிப் போன துரை ஒருவர் தன் கம்பளிக் கோட்டை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். துரை நல்ல உயரம் போலிருக்கிறது. கங்காணி என் தோளுக்குத்தான் வருவார். கோட்டுக் கை அவருடைய விரலையும் தாண்டித் தொங்கியது. சின்னதாக்கித் தரவேண்டும் என்றார். முதலாளி கோடு போட்டுவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்ததும் கங்காணி கோட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, கைய வெட்டிப்புடாதீங்க மொதலாளி. தொரை கையில்லீங்களா!"

"வெட்டாம எப்படிங்க சின்னதாக்குறது?"

"அது உங்க தொழிலுங்க."

முதலாளி வெகுநேரம் யோசித்தார். கடைசியில் மிஞ்சிய கையை அப்படியே உள்ளே மடித்து, மடிப்பு வெளியே தெரியாமல் என்னைத் தைக்கச் சொன்னார். ஒரு நூல் துணியும் வீணாகவில்லை. கங்காணியின் மணிக்கட்டு மட்டும் இரண்டு பக்கமும் தலையணை மாதிரி உப்பியிருந்தது. அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தக் கோட்டோடு போட்டோ எடுத்துக்கொண்டு வந்து எங்களிடம் காட்டினார். படத்தில் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

இனித் தீபாவளியைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் நான் சொல்லவந்த கதை விளங்காது.

தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வந்ததும் தோட்டம் தோட்டமாக ஆட்கள் டவுனுக்கு இறங்குவார்கள். ஒரு தோட்டத்துக்கு ஒரு துணி என்பது வழக்கம். ஒரே துணிக்கட்டில், நாங்கள் பேல் என்போம், அப்பாவுக்குச் சட்டை, மகனுக்குச் சட்டை, மகளுக்குக் கவுன், அம்மாவுக்கு ரவிக்கை, மிச்சத்தில் தலையணை உறை. பக்கத்து வீட்டிலும் அதே துணி, அடுத்த லயத்திலும் அதே துணி. தேர் பார்க்கிற கூட்டத்தில் ஒரு பிள்ளை காணாமல் போனால், அது எந்தத் தோட்டத்துப் பிள்ளை என்று உடனே சொல்லிவிடலாம். எந்த வீட்டுப் பிள்ளை என்று மட்டும் சொல்லமுடியாது.

அந்தத் துணி எது என்று முடிவு செய்வது பெரிய கங்காணி வீட்டம்மா. தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் அந்த அம்மா கடைக்கு வருவார். ஸ்டூல் போடுவோம், சோடா வாங்கிவருவோம். அந்த அம்மாமாரிடம் மட்டும் முதலாளி தன்னுடைய இரண்டு கேள்வியையும் கேட்பதில்லை. அவர்கள் எடுக்கிற துணிதான் அந்த வருசம் அந்தத் தோட்டத்தின் துணி. மற்றவர்கள் வந்து, "பெரிய கங்காணி வூட்டம்மா எடுத்தது" என்பார்கள். முதலாளி அளந்து கிழிப்பார்.

இப்படி எல்லாம் ஒரு ஒழுங்கில் போய்க்கொண்டிருந்தபோது, ஐம்பதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, ஒரு அம்மாவும் மகளும் படியேறினார்கள். டிக்கோயாப் பக்கத்து வெள்ளைக்கல் தோட்டம். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். அம்மா காலில் செருப்பு இல்லை. மகள் காலில் தேய்ந்த செருப்பு இருந்தது. முதலாளி நாலு காலையும் பார்த்தார்.

"எந்தத் தோட்டம்?"

"வெள்ளக்கல்லுங்க."

"என்ன வேலை?"

"கொழுந்து எடுக்குறதுங்க" என்றாள் அம்மா. அதே நேரத்தில் "டீச்சருங்க" என்றாள் மகள்.

தட்டுப் பக்கம் போன முதலாளியின் கை பாதியில் நின்றுவிட்டது. அது அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

மகள் பெயர் பவளம். ஹட்டனில் கன்னியாஸ்திரிமார் பள்ளியில் படித்துப் பாஸ் பண்ணியவள். வெள்ளைக்கல் தோட்டத்தில் ஓர் அறைப் பள்ளிக்கூடம் உண்டு. அதில் இருந்த வாத்தியார் இந்தியாவுக்குப் போய்விட்டதால் துரை இவளைத் தற்காலிகமாகப் போட்டிருந்தார். தீபாவளி கழிந்து இன்ஸ்பெக்டர் வருவார். அவர் பார்த்துச் சரி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பெரிய கங்காணியின் மருமகன் அந்த நாற்காலிக்குக் காத்திருந்தார், பவளம் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு அம்மாவோடு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகவேண்டியதுதான். பெரிய கங்காணி பெரட்டில் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தாராம்: "நேத்து வரைக்கும் நம்ம பீலியில தண்ணி புடிச்ச புள்ள. இன்னைக்கு மேசைக்குப் பின்னால நின்னா எவன் மதிப்பான்?" அதைக் கேட்டுச் சிலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதையே நிறுத்தியிருந்தார்கள்.

"என்னயப் பாத்தா டீச்சருன்னு தெரியணுங்க" என்றாள் பவளம். "லயத்துப் புள்ளன்னு தெரியக்கூடாதுங்க."

முதலாளி துணித் தட்டை விட்டு மேசைக்குத் திரும்பி வந்தார். பிறகு, நான் அந்தக் கடையில் இருந்த காலத்தில் முதல் தடவையாக, மூன்றாவது கேள்வியைக் கேட்டார்.

"என்ன வேணும் தங்கச்சி?"

"தெரியலீங்களே. கொழுந்துக்குப் போறவுங்க படங்கும் கம்பளியும் போடுறாங்க. ஆபீஸ் ஸ்டாப்பு வூட்டு அம்மாமாரு பட்டுக் கட்டுறாங்க. நான் ரெண்டும் இல்லீங்க."

அதற்குள் அம்மா ஜரிகை மின்னுகிற ஒரு ரோஸ் சேலையைக் கையில் எடுத்துவிட்டிருந்தாள். முதலாளி மரியாதையாக அதை வாங்கித் திரும்பவும் தட்டில் வைத்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். வெள்ளைப் பருத்திச் சேலை இரண்டு, ஒன்றுக்குக் கருநீலக் கரை, மற்றதுக்குக் கறுப்புக் கரை. அடியில் உள்பக்கமாக ஒரு பட்டை தைப்போம், தோட்டத்து ரோட்டுச் சேறு பட்டால் பட்டையை மட்டும் பிரித்துத் துவைத்துக்கொள்ளலாம். ரவிக்கைக்குக் கருநீலத்தில் மிளகு அளவு வெள்ளைப் பொட்டு போட்ட துணி. சோக்குத் தூள் விழுந்தாலும் பொட்டோடு பொட்டாகப் போய்விடும். அதிலேயே மூன்று ரவிக்கை, முழங்கை வரை கை. மழைக்கும் குளிருக்கும் கம்பளியைத் தலையில் போட்டால் கொழுந்துக்காரி ஆகிவிடுவாள், அதனால் கருநீலத்தில் ஓர் அரைக்கோட்டு.

பொம்பளைக்குக் கோட்டா என்று நான் முதலாளியைப் பார்த்தேன்.

"கங்காணிக்குக் கோட்டு இருந்தா டீச்சருக்கு இருக்கப்படாதா?" என்றார்.

எதை எடுத்து எதோடு போட்டாலும் சேரும். அந்த வகுப்புக் கரும்பலகையில் எழுதியிருந்தது இதுதான். நாங்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ரவிக்கைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நான் வழக்கம்போல ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். அன்று நல்ல மூட்டம். கடை வாசலில் முதலாளியும் அம்மாவும் மகளும் நிற்பது எனக்கு நிழலாகத்தான் தெரிந்தது.

"நிக்கிறது யாருன்னு தெரியுதா?" என்று முதலாளி கேட்டது காதில் விழுந்தது.

"டீச்சருங்க" என்றாள் பவளம். மீசையோடு நின்ற என்னைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னாள்.

போவதற்கு முன் ஒன்று கேட்டாள். "மொதலாளி, இந்தத் துணி எங்க தோட்டத்துல வேற யாருகிட்டயும் இருக்கக்கூடாதுங்க."

முதலாளி நெஞ்சில் கை வைத்தார். "இந்தக் கடையில உங்க தோட்டத்து ஆளுக்கு இந்தத் துணிய அளக்கமாட்டேன். வாக்கு."

கோட்டை நான்தான் தைத்தேன். ஐந்து பொத்தான், ஐந்து காஜா. பவளம் போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றாள், நின்றாள், நகரவே இல்லை. கடை சாத்தும் நேரம் என்று அவள் அம்மாதான் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். எனக்கு அன்று ரொம்பச் சந்தோசமாக இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது.

பவளம் அந்த உடுப்பில் பள்ளிக்குப் போகத் தொடங்கி, தீபாவளியும் நெருங்கியது. வெள்ளைக்கல் பெரிய கங்காணி வீட்டம்மா வந்து, சோடா குடித்து, பச்சையில் பூப்போட்ட துணியை எடுத்துவிட்டுப் போனார். முதலாளி பச்சைப் பேலை முன்வரிசையில் எடுத்து வைத்தார். மறுநாள் வெள்ளைக்கல்லில் இருந்து ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். முதலாளி பச்சையை விரித்தார்.

"இது வேணாங்க. டீச்சரம்மா ரவிக்கத் துணி இருக்குங்களா?"

"அது இல்லம்மா."

"அந்தா தட்டுல இருக்குதேங்க."

"இருக்கு. உங்களுக்கு இல்ல."

அவள் முகம் வாடிவிட்டது. "எம்மக அதத்தான் போடுவேன்னு சோறு திங்காம கெடக்குறா. டீச்சரு மாதிரியே துண்டக் கட்டிக்கிட்டு லயத்துக் கோழிக்கெல்லாம் பாடஞ் சொல்லிக் குடுக்குறா."

அவள் போனதும் இன்னொருத்தி வந்தாள், பிறகு ஒரு கிழவர் வந்தார், எல்லாரும் அதையே கேட்டார்கள். முதலாளி ஒவ்வொருவரிடமும் இல்லை என்றார். பச்சைப் பேல் அசையவில்லை. இரண்டு நாள் முதலாளி தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் வெள்ளைப் பொட்டுப் பேல்களையெல்லாம் கட்டி டிக்கோயாவில் இருக்கும் தன் மச்சான் கடைக்கு அனுப்பிவிட்டார்.

"வாக்கு குடுத்தீங்களே முதலாளி" என்றேன்.

"இந்தக் கடையிலன்னுதானே சொன்னேன் தம்பி."

டிக்கோயாக் கடையில் துணி உண்டு, தையல் கிடையாது. வெள்ளைக்கல் ஆட்கள் அங்கே துணி எடுத்து, பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்து என்னிடமே தைக்கக் கொடுத்தார்கள். பவளத்தின் ரவிக்கையைத் தைத்த அதே அழகோடு நான் கவுன் தைத்தேன், சட்டை தைத்தேன், கோவணம் கட்டுகிற வயதுப் பிள்ளைக்குக்கூட ஒரு கால்சட்டை தைத்தேன். மெஷினைச் சுற்றி ஒரே வெள்ளைப் பொட்டு.

அந்த நேரம் பார்த்துப் பவளம் கோட்டுக்கு ஒரு கொக்கி வைக்கவேண்டும் என்று கடைக்கு வந்தாள். குவியலைப் பார்த்தாள். ஒரு கவுனை எடுத்துத் தன் ரவிக்கைக் கையோடு வைத்துப் பார்த்தாள்.

"யாருதுண்ணே?"

"வெள்ளக்கல்லும்மா."

"எல்லாமா?"

நான் தலையாட்டினேன். அவள் முதலாளி பக்கம் திரும்பினாள். "நம்பித்தானுங்க சொல்லிட்டுப் போனேன்."

"இங்க ஒரு முழம் அளக்கல தங்கச்சி. அல்லா சாட்சி."

"இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்கு நானும் லயத்துப் புள்ளைகளும் ஒரே துணியில நிப்போம். பெரிய கங்காணி பாத்துச் சிரிப்பாரு. நா எதுக்கு இம்புட்டுப் பாடுபட்டேன்?" என்றாள். அழக்கூடாது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"பவளம், யாரும் அவங்ககிட்ட இந்தத் துணியக் காட்டலம்மா" என்றேன். "அவங்களாத்தான் டீச்சரம்மா துணின்னு பேர் சொல்லிக் கேட்டாங்க."

"கேலிக்குக் கேட்டுருப்பாங்கண்ணே" என்றாள். கொக்கியையும் வைக்காமல் போய்விட்டாள். வேறு ரவிக்கை எடுக்க அவளிடம் வழியில்லை என்று எனக்குத் தெரியும். முதலாளி அன்று என்னோடு பேசவில்லை. நான் அவர் கத்தரிக்கோலைத் தொட்டிருக்கவும் இல்லை.

தீபாவளி முடிந்த வாரம் தோட்டம் தோட்டமாகப் போய், தைத்ததில் பிடிப்பதைப் பிடித்து இளக்குவதை இளக்கிக் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். அப்படி நான் வெள்ளைக்கல்லுக்குப் போன அன்றுதான் இன்ஸ்பெக்டரும் வந்தார். பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஊசி நூலோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடப்பதெல்லாம் தெரிந்தது.

நல்ல நாளுக்கு நல்ல உடுப்பு என்று பெற்றவர்கள் அத்தனை பேரும் தீபாவளித் துணியைப் போட்டுத்தான் பிள்ளைகளை அனுப்பியிருந்தார்கள். அறை முழுக்கக் கருநீலத்தில் வெள்ளைப் பொட்டு. வராமல் நின்றிருந்த பிள்ளைகளும் வந்திருந்தார்கள். பவளம் வெள்ளைச் சேலையில் மேசைக்குப் பின்னால் நின்றாள். அன்று மூட்டம் இல்லை, வெயில் அடித்தது. ஆனால் கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தாள், ஐந்து பொத்தானையும். நெற்றி வேர்த்திருந்தது.

துரையும் இன்ஸ்பெக்டரும் வந்தார்கள், பின்னாலேயே பெரிய கங்காணி. இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடி போட்டவர். வாசலில் நின்று அறையைப் பார்த்தார். துரையிடம் இங்கிலீசில் ஏதோ கேட்டார், 'யூனிபார்ம்' என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. துரை, விசயம் தெரியாமலே, தலையாட்டினார். பெரிய கங்காணி முந்திக்கொண்டார்.

"அது தீபாவளித் துணிங்க ஐயா. லயத்து ஆளுக மொத்தமா ஒரே பேலுல எடுக்குறது. பள்ளிக்கூடத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க."

இன்ஸ்பெக்டர் முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண்ணிடம் குனிந்தார். "ஆர் சொல்லி இந்த உடுப்பு போட்டனீர் பிள்ளை?"

கோழிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளை அதுதான். கவுனைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அந்தச் சுருக்கு வைத்த கழுத்து நான் தைத்தது. எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னது: "யாரும் சொல்லலீங்க. இது டீச்சர் துணிங்க." பிறகு பவளம் பக்கம் திரும்பி, "டீச்சர், நீங்க ஏன் இன்னைக்கி நம்ம துணி போடல?"

பவளம் அந்தப் பிள்ளையைப் பார்த்தாள், பிறகு எல்லாப் பிள்ளைகளையும் பார்த்தாள். பிறகு மேல் பொத்தானில் கை வைத்தாள். புதுக் கோட்டு, காஜாவை நான் இறுக்கமாகத்தான் எடுத்திருந்தேன். ஒவ்வொன்றாகக் கழற்றி முடிய நேரம் பிடித்தது. இன்ஸ்பெக்டர் காத்திருந்தார், துரையும் காத்திருந்தார். வராந்தாவில் நான் ஊசியை வைத்துவிட்டேன். கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள்.

"போட்டுருக்கேன்ல" என்றாள் பிள்ளையிடம். பிறகு இன்ஸ்பெக்டரிடம், "எங்க தோட்டத்துத் துணிங்க ஐயா. நானும் இந்த லயந்தானுங்க."

இன்ஸ்பெக்டர் ரவிக்கையைப் பார்த்தார், கவுன்களைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "சரி, வாசிப்பியுங்கோ" என்று உட்கார்ந்தார். பிள்ளைகள் வாசித்தார்கள், கணக்குப் போட்டார்கள், பாட்டுப் பாடினார்கள். வாசலுக்கு வெளியே வேலை விட்டு வந்த சில அம்மாமார் கூடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய கங்காணி அந்த அறையில் தனியாக நின்றார். அவர் தன்னுடைய கறுப்புக் கோட்டைப் பூட்ட முயற்சி செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். அது பூட்டுவதற்காக நாங்கள் தைத்தது இல்லை. நடுப் பொத்தான் பாதி வழியில் நின்றுவிட்டது.

பவளத்துக்கு வேலை நிரந்தரமானது. அந்தச் சேதியை அவள் அம்மா ஹட்டனுக்கு நடந்தே வந்து சொன்னாள். முதலாளி அவளுக்கு ஸ்டூல் போடச் சொன்னார்.

அடுத்த வருசம் தீபாவளிக்கு முன்னால் பவளம் கடைக்கு வந்தாள். முதலாளி அவளுடைய காலைப் பார்க்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை.

"மொதலாளி, இந்த வருசம் எங்க தோட்டத்துக்கு என்ன துணி போடப்போறீங்களோ, அதுல எனக்கு ரவிக்கைக்கு வெட்டுங்க" என்றாள்.

"நீங்க எடுக்குறதத்தான் அவங்க எடுப்பாங்க, டீச்சரம்மா. நீங்க சொல்லுங்க."

அவள் முகம் சிவந்துவிட்டது. பிறகு தட்டுக்குப் பக்கத்தில் போய் ஒவ்வொரு துணியாகக் கையில் வைத்துக் கசக்கிப் பார்த்தாள். இது சாயம் போகுமா, இது எத்தனை துவைப்புத் தாங்கும், சுவரில் சாய்ந்தால் கரி தெரியுமா, வளருகிற பிள்ளைக்கு அடியில் பிரித்துவிட்டால் பழைய தையல் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தனக்கு எப்படி இருக்கும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கடைசியில் காப்பிக் கொட்டை நிறத்தில் மெல்லிய கோடு போட்ட ஒன்றை எடுத்தாள். அன்று மூட்டம் இருந்தது. ஆனாலும் முதலாளி என்னை ரோட்டுக்கு அனுப்பவில்லை.

அந்த வாரக் கடைசியில் வெள்ளைக்கல் பெரிய கங்காணி வீட்டம்மா வந்தார். நான் ஸ்டூலை எடுத்துப் போட்டேன், அவர் உட்காரவில்லை. சோடா வேண்டாம் என்றார். தட்டில் இருந்த பச்சையைத் தொட்டார், மஞ்சளைத் தொட்டார். கடையில் வேறு யாரும் இல்லையா என்று திரும்பிப் பார்த்தார்.

"டீச்சரம்மா எத எடுத்தாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

முதலாளி கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார். வருசக்கணக்காக அந்தக் கடைக்கு வந்துபோகிற அம்மாவிடம், தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"எந்தத் தோட்டம்ங்க?"

அந்த அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார். பிறகு எல்லாரையும் போலத் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். முதலாளி காப்பிக் கொட்டை நிறப் பேலை எடுத்து விரித்தார், நான் நாடாவை எடுத்தேன்.